விடுபட்ட மதிப்புகளும் தரவைப் பிரித்தெடுப்பதில் வரும் சிக்கல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையின் காற்றுத்தர அளவீடுகள், வார்டு வாரியான வீட்டுக் கணக்கெடுப்பு, காசிமேட்டு மீன்வரத்துப் பதிவு போன்ற கோப்புகளை ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் கையாளும் மாணவர்களும் தன்னார்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகள் பலவானாலும் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான். தரவில் ஒரு கட்டம் காலியாக இருக்கும்போது அதை என்ன செய்வது என்று நாம் சொல்லாவிட்டால், மென்பொருள் தானே ஒரு முடிவை எடுத்துக்கொள்கிறது. அப்படி எடுத்ததைப் பெரும்பாலும் நமக்குச் சொல்வதும் இல்லை. விடுபட்ட மதிப்பை ஆர் என்ஏ (NA) என்று குறிக்கிறது. கட்டளைப் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியுள்ளேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சு செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக வரும் அளவீடுகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

நிபந்தனை வைத்துப் பிரித்தெடுத்தேன். மூலக் கோப்பில் இல்லாத, முழுக்க என்ஏ மட்டுமே உள்ள வரிகள் விடையில் வந்திருக்கின்றன. இவை எங்கிருந்து வந்தன?

மணலியில் தொடர்ச்சியாக ஐந்து மணி நேரம் எடுத்த பிஎம்2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) அளவுகள் 48, 71, காலி, 66, 39 என்று வைத்துக்கொள்வோம். 60-க்கு மேற்பட்டவை மட்டும் வேண்டும் என்று சதுர அடைப்புக்குறிக்குள் நிபந்தனை எழுதினால், ஆர் ஒவ்வோர் எண்ணாக எடுத்து "இது 60-ஐ விடப் பெரியதா?" என்று சோதிக்கிறது. 48-க்கு ஃபால்ஸ் (பொய்), 71-க்கு ட்ரூ (மெய்). மூன்றாவது கட்டத்தில் எண்ணே இல்லாததால் அதற்கு ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. விடை "தெரியாது", அதாவது என்ஏ. சதுர அடைப்புக்குறி ட்ரூ உள்ளவற்றை எடுத்துக்கொள்ளும், ஃபால்ஸ் உள்ளவற்றை விட்டுவிடும், என்ஏ உள்ள இடத்தில் ஒரு என்ஏ-வை வைத்துவிடும். ஆகவே கிடைப்பது 71, என்ஏ, 66.

ஒற்றை நெடுவரிசையில் இது கண்ணில் பட்டுவிடும். முழு டேட்டா ஃப்ரேமில், அதாவது வரிகளும் நெடுவரிசைகளும் கொண்ட அட்டவணையில், இதையே செய்தால் நிலைமை மோசமாகிறது. அந்த மூன்றாவது வரியின் தேதி, நேரம், நிலையத்தின் பெயர் எல்லாம் மூலக் கோப்பில் சரியாக இருந்தாலும், விடையில் அவையும் என்ஏ ஆகிவிடுகின்றன. வரியின் பெயர்கூட என்ஏ, என்ஏ.1, என்ஏ.2 என்று மாறிவிடுகிறது. அதன் பிறகு "60-ஐத் தாண்டிய மணி நேரங்கள் எத்தனை?" என்று வரிகளை எண்ணினால் இரண்டுக்குப் பதில் மூன்று என்று வரும்.

நிபந்தனையை "விச்" கட்டளைக்குள் வைத்தாலோ, "சப்செட்" கட்டளையைப் பயன்படுத்தினாலோ, டிபிளையர் என்ற கூடுதல் கட்டளைத் தொகுப்பின் "ஃபில்டர்" கட்டளையைப் பயன்படுத்தினாலோ என்ஏ வரிகள் வராது. மூன்றுமே ட்ரூ என்று உறுதியானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, தெரியாதவற்றை ஃபால்ஸ் போலவே கருதி ஒதுக்கிவிடும். அதனால் திரை சுத்தமாகிவிடுகிறது. ஆனால் எத்தனை வரிகள் ஒதுக்கப்பட்டன என்ற செய்தியும் அதோடு போய்விடுகிறது. என் கருத்தில், அசிங்கமாக வந்து நிற்கும் என்ஏ வரிகளை விட, சத்தமில்லாமல் மறையும் வரிகளே அதிகக் கேடு செய்கின்றன. ஆகவே எந்த முறையில் பிரித்தாலும், அதற்கு முன் அந்த நிபந்தனையை "டேபிள்" கட்டளைக்குள் வைத்து, "யூஸ்என்ஏ" என்ற விருப்பத்துக்கு "ஆல்வேஸ்" என்று கொடுத்து, ட்ரூ எத்தனை, ஃபால்ஸ் எத்தனை, என்ஏ எத்தனை என்று மூன்று எண்களையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த எடுத்துக்காட்டில் வரும் 60 என்ற எண் 2009-ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத்தர வரையறையில் பிஎம்2.5-க்கு உரியது, ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு என்பதால், உண்மையான ஆய்வில் ஒவ்வொரு மணி நேர அளவையும் அதோடு நேராக ஒப்பிட்டு "வரம்பு மீறல்" என்று எழுதக் கூடாது.

காலியாக உள்ளவற்றைத் தேட "== என்ஏ" என்று எழுதினேன். ஒன்றுமே கிடைக்கவில்லை.

தெரியாத ஒன்று, தெரியாத இன்னொன்றுக்குச் சமமா என்று கேட்டால் அதற்கும் விடை தெரியாது என்பதே. அதனால் அந்த ஒப்பீடு எல்லா வரிகளுக்கும் என்ஏ என்றே விடை தரும். "இஸ்.என்ஏ" என்ற கட்டளை இதற்கென்றே உள்ளது, காலி இல்லாதவை வேண்டுமென்றால் அதன் முன் ஆச்சரியக்குறி இடுங்கள். கூட்டு நிபந்தனைகளில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. என்ஏ-வும் ஃபால்ஸும் "மற்றும்" குறியால் சேர்ந்தால் விடை ஃபால்ஸ், ஏனெனில் தெரியாத பாதி எதுவானாலும் மொத்தம் பொய்தான். அதேபோல் என்ஏ-வும் ட்ரூவும் "அல்லது" குறியால் சேர்ந்தால் விடை ட்ரூ.

மணலி தவிர மற்ற எல்லா நிலையங்களும் வேண்டும் என்று கேட்டேன். ஆரில் ஓர் எண்ணிக்கையும் பைத்தான் என்ற நிரல்மொழியில் வேறோர் எண்ணிக்கையும் வருகின்றன. எது சரி?

இரண்டும் தத்தம் விதிப்படி சரியே. நிலையத்தின் பெயர் காலியாக உள்ள வரிகளை இரண்டும் வேறு வேறு விதமாக நடத்துகின்றன. ஆரில் காலிப் பெயரை "மணலி"யோடு "சமமில்லை" என்று ஒப்பிட்டால் என்ஏ வரும். "ஃபில்டர்" அதை ஒதுக்கிவிடும். பைத்தானின் பாண்டாஸ் தொகுப்பில், வழக்கமான நெடுவரிசைகளில், அதே ஒப்பீடு ட்ரூ என்று வரும். பெயர் தெரியாத வரிகளெல்லாம் "மணலி அல்லாதவை" என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். ஆனால் பெரிது, சிறிது என்ற ஒப்பீடுகளில் பாண்டாஸ் காலியிடத்துக்கு எப்போதும் ஃபால்ஸ் தரும். எனவே "60-க்கு மேல்", "60 அல்லது அதற்குக் கீழ்" என்று இரண்டாகப் பிரித்தால் காலி வரிகள் எந்தப் பக்கத்திலும் இராது. இரண்டு பக்கங்களையும் கூட்டினால் மொத்தம் வராது.

மற்ற மென்பொருள்களுக்கும் தனித்தனி வழக்கங்கள் உண்டு. ஸ்டேட்டாவில் விடுபட்ட எண் எல்லா எண்களையும் விடப் பெரியதாகக் கருதப்படுகிறது. ஆகவே "60-க்கு மேல்" என்று கேட்டால் காலியானவையும் சேர்ந்து வரும். சாஸ் மென்பொருளில் அது எல்லா எண்களையும் விடச் சிறியது. அங்கே "60-க்குக் கீழ்" என்று கேட்கும்போது சேர்ந்து வரும். தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல், ஆரைப் போலத் தெரியாததைத் தெரியாததாகவே வைத்து, வடிகட்டும்போது விட்டுவிடுகிறது. ஒரு கல்லூரியில் ஸ்டேட்டாவில் எழுதிய நிரலை இன்னொரு கல்லூரியில் ஆருக்கு மாற்றி எழுதும்போது எண்ணிக்கை பொருந்தாமல் போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

தண்டையார்பேட்டை, ராயபுரம் இரண்டையும் சேர்த்து "==" குறியோடு கொடுத்தேன். வர வேண்டிய வரிகளில் ஏறத்தாழப் பாதிதான் வருகின்றன. எச்சரிக்கை எதுவும் இல்லை.

ஆர் உங்கள் இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. முதல் வரியைத் தண்டையார்பேட்டையோடும், இரண்டாம் வரியை ராயபுரத்தோடும், மூன்றாம் வரியை மறுபடி தண்டையார்பேட்டையோடும் ஒப்பிட்டுக்கொண்டே போகிறது. இரண்டாம் வரியில் தண்டையார்பேட்டை இருந்தால் அது கிடைக்காது. வரிகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் எச்சரிக்கைகூட வராது. பல பெயர்களில் ஏதேனும் ஒன்று என்று கேட்க "%இன்%" என்ற குறியைப் பயன்படுத்துங்கள். அந்தக் குறி ஒருபோதும் என்ஏ தராது. காலிப் பெயருக்கு ஃபால்ஸ் என்றே சொல்லும். இது வசதிதான் என்றாலும், அதன் முன் ஆச்சரியக்குறி இட்டால் காலிப் பெயர்கள் அத்தனையும் உள்ளே வந்துவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

கோப்பில் "கொருக்குப்பேட்டை" கண்ணெதிரே இருக்கிறது. தேடினால் கிடைக்கவில்லை. எழுத்துப்பிழையும் இல்லை.

முதலில் சொல்லின் முன்னும் பின்னும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் "ட்ரிம்டபிள்யூஎஸ்" கட்டளை அதை நீக்கிவிடும். அதுவும் இல்லையென்றால் தமிழுக்கே உரிய ஒரு காரணம் இருக்கலாம். "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில், அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையில், இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒற்றைக் குறியாக வைக்கலாம்; அல்லது எகரக் கொம்பையும் காலையும் அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆர் அவற்றை வெவ்வேறு சொற்களாகவே பார்க்கும். "என்கேர்" கட்டளையால் எண்ணிப் பாருங்கள். முதல் வகையில் கொருக்குப்பேட்டைக்கு 16 என்று வரும்; இரண்டாம் வகையில் 17. இதே சிக்கல் கொடுங்கையூர், கொளத்தூர், திருவொற்றியூர் என்று ஒகரமோ ஓகாரமோ வரும் எல்லாப் பெயர்களுக்கும் உண்டு. ஸ்ட்ரிங்ஐ தொகுப்பின் "ஸ்ட்ரி_டிரான்ஸ்_என்எஃப்சி" கட்டளையைக் கோப்பைப் படித்த உடனேயே எல்லாச் சொல் நெடுவரிசைகளிலும் ஓட்டிவிட்டால் இரண்டும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். இரண்டு கோப்புகளைப் பெயர் வழியாக இணைத்த பிறகு திடீரென்று என்ஏ பெருகினாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்தில் உள்ளிட்ட கோப்புகளில் திருவொற்றியூருக்கு மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்கள் சாதாரணமாக இருக்கும். அங்கே பெயரைக் கொண்டு பிரிப்பதே வீண்வேலை. சென்னை மாநகராட்சியின் மண்டல எண்ணைப் பயன்படுத்துங்கள்: திருவொற்றியூர் 1, மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திரு.வி.க. நகர் 6. கணக்கெடுப்புப் படிவத்தை வடிவமைக்கும் நிலையிலேயே இந்த எண்ணுக்கு ஒரு கட்டம் ஒதுக்கிவிட்டால் பின்னால் பெரும் உழைப்பு மிச்சமாகும்.

வார்டு எண் 9-க்கு மேற்பட்டவை என்று கேட்டால் 14-ஆம் வார்டு வரவில்லை.

அந்த நெடுவரிசை எண்ணாகப் படிக்கப்படவில்லை, சொல்லாகப் படிக்கப்பட்டிருக்கிறது. சொற்களை அகராதி வரிசையில் ஒப்பிடும்போது "14" என்பது 1-இல் தொடங்குவதால் "9"-க்கு முன்னால் வந்துவிடும். நெடுவரிசையில் எங்கோ ஒரு கட்டத்தில் "தெரியவில்லை" என்றோ, ஒரு கோடோ, 1,25,000 என்று காற்புள்ளியோடு ஓர் எண்ணோ இருந்தால் போதும், நெடுவரிசை முழுவதும் சொல்லாகிவிடும். கோப்பைப் படித்ததும் "எஸ்டிஆர்" கட்டளையால் ஒவ்வொரு நெடுவரிசையின் வகையையும் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

"ஆஸ்.நியூமெரிக்" கொண்டு எண்ணாக மாற்றினால், மாற்ற முடியாதவை என்ஏ ஆகும், மாற்றத்தால் என்ஏ நுழைந்தது என்ற எச்சரிக்கையும் வரும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிப் போகாதீர்கள். மாற்றும் முன் காலியாக இல்லாமல், மாற்றிய பின் காலியான வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றில் என்ன எழுதியிருந்தது என்று கண்ணால் பாருங்கள். காற்று, நீர் ஆய்வு அறிக்கைகளில் "கண்டறியும் வரம்புக்குக் கீழ்" என்பதன் ஆங்கிலச் சுருக்கமான பிடிஎல் என்ற எழுத்துகள் அடிக்கடி வரும். எண்ணூர்க் கழிமுகத்தின் நீர் மாதிரி ஒன்றில் ஒரு உலோகத்தின் அளவு பிடிஎல் என்று இருந்தால், கருவியால் கண்டறிய முடிந்த மிகச்சிறிய அளவை விடவும் அது குறைவு என்று நமக்குத் தெரிகிறது. அந்த அறிவை என்ஏ என்று மாற்றித் தூக்கியெறிந்தால் மிஞ்சுவது அதிக அளவுகள் மட்டுமே. சராசரி செயற்கையாக ஏறிவிடும். சுழியமாக்கினால் செயற்கையாக இறங்கிவிடும். எண்ணுக்கு ஒரு நெடுவரிசை, "வரம்புக்குக் கீழ்" என்ற குறிப்புக்கு இன்னொரு நெடுவரிசை என்று தனித்தனியே வைத்துக்கொண்டு, பிறகு அதற்கேற்ற முறையைத் தேர்ந்தெடுப்பதே நேர்மையான வழி.

பழைய நிரல்களில் இன்னொரு பொறி உண்டு. 2020-இல் வந்த ஆர் 4.0.0-க்கு முன்பு சொல் நெடுவரிசைகள் தாமாகவே ஃபேக்டர் என்ற, ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரிசை எண் வைத்துச் சேமிக்கும் வகையாகிவிடும். ஃபேக்டரை நேரடியாக எண்ணாக்கினால் வார்டு எண் வராது. வகைகளின் வரிசை எண்ணே வரும். முதலில் "ஆஸ்.கேரக்டர்", பிறகு "ஆஸ்.நியூமெரிக்".

மைனஸ் குறியோடு "விச்" எழுதித் தவறான வரிகளை நீக்கினேன். எல்லா வரிகளும் போய்விட்டன!

நீக்க வேண்டிய தவறான வரி ஒன்றுகூட இல்லாதபோது இப்படி நடக்கும். "விச்" வெற்றுப் பட்டியலைத் தருகிறது. வெற்றுப் பட்டியலுக்கு மைனஸ் போட்டாலும் அது வெற்றுப் பட்டியலே. ஆகவே எந்த வரியும் தேர்வாவதில்லை. இந்த வடிவத்தையே கைவிட்டு, நிபந்தனையின் முன் ஆச்சரியக்குறி இட்டு எழுதுங்கள்.

காலிக் கட்டம், சுழியம், -99 மூன்றும் ஒரே கோப்பில் இருக்கின்றன. எவற்றையெல்லாம் என்ஏ ஆக்குவது?

கோப்பைத் தயாரித்தவரின் விளக்கக் குறிப்பைப் படிக்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது. குறிப்பு இல்லையென்றால் அவரையே கேட்க வேண்டும். "ரீட்.சிஎஸ்வி" கட்டளை எண் நெடுவரிசையில் உள்ள காலிக் கட்டத்தைத் தானே என்ஏ ஆக்கிவிடும், சொல் நெடுவரிசையில் அதை வெற்றுச் சொல்லாகவே வைத்திருக்கும், "இஸ்.என்ஏ" அதைக் கண்டுகொள்ளாது. "என்ஏ.ஸ்ட்ரிங்ஸ்" என்ற விருப்பத்தில் வெற்றுச் சொல், -99, -999 ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் படிக்கும்போதே மாறிவிடும். சென்னையின் வெப்பநிலை -99 ஆக இருக்க முடியாது என்பதால் அங்கே ஐயமில்லை. வயது நெடுவரிசையில் 99 என்று இருந்தால் நிலைமை வேறு. அது குறியீடாகவும் இருக்கலாம், வியாசர்பாடியில் வாழும் ஒரு மூதாட்டியின் உண்மையான வயதாகவும் இருக்கலாம்.

சுழியத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். மழை பெய்யாத நாளுக்கு 0 என்பது முழுமையான ஓர் அளவீடு. மழைமானி பழுதான நாளுக்கு எழுதிய 0 பொய்யான அளவீடு. காசிமேட்டு மீன்வரத்துப் பதிவில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். அந்நாள்களில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. ஆகவே விசைப்படகு வரத்து என்ற நெடுவரிசை அந்த இரண்டு மாதங்களில் காலியாக இருந்தால் அதை விடுபட்ட தகவல் என்று சொல்ல முடியாது. படகு போகவில்லை, மீன் வரவில்லை, அவ்வளவே. அந்தக் காலிகளை முன்பின் மாதங்களின் சராசரியால் நிரப்பினால், கடலுக்கே போகாத படகுகள் மீன் கொண்டுவந்ததாகக் கணக்கு காட்டும். நாட்டுப்படகுகளுக்கான நெடுவரிசையில் அதே நாள்களில் காலி இருந்தால் அதன் பொருள் வேறு. அவை தடைக்காலத்திலும் கரையோரம் மீன்பிடிக்கின்றன. ஒரே தேதி, ஒரே தாள், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள். ஆனால் இரண்டு காலிகளுக்கும் இரண்டு பொருள். இதை எந்த மென்பொருளும் கண்டுபிடித்துத் தராது. தொழிலை அறிந்தவர்களைக் கேட்டே ஆக வேண்டும்.

சராசரி என்ஏ என்று வருகிறது. "என்ஏ.ஆர்எம்" விருப்பத்தை ட்ரூ ஆக்கினால் போதுமா?

எண் வந்துவிடும், அது நம்பத்தக்க எண்ணா என்பதுதான் கேள்வி. ஒரு நாளில் பிற்பகல் 12 முதல் 4 வரையிலான அளவுகள் மட்டும் பதிவாகி மற்ற 20 மணி நேரம் காலி என்று வையுங்கள். பொதுவாக வெயில் நேரத்தில் காற்று மேலெழுந்து கலப்பதால் நுண்துகள் குறைவாகவும், பின்னிரவிலும் காலையிலும் அதிகமாகவும் இருக்கும். அந்த நான்கு மணி நேரத்தின் சராசரியை "அன்றைய சராசரி" என்று வெளியிட்டால் உண்மையை விடக் குறைத்தே சொன்னவர்கள் ஆவோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத்தரக் குறியீட்டு முறையில், 24 மணி நேரத்தில் குறைந்தது 16 மணி நேர அளவுகள் இருந்தால்தான் நாள் சராசரி கணக்கில் எடுக்கப்படும். மேலும் குறைந்தது மூன்று மாசுப்பொருள்களின் அளவு இருக்க வேண்டும், அவற்றுள் ஒன்று பிஎம்2.5 அல்லது பிஎம்10 ஆக இருக்க வேண்டும். உங்கள் நிரலிலும் இப்படி ஒரு வாசலை வையுங்கள்: காலியில்லாத மணி நேரங்களை முதலில் எண்ணி, 16-க்குக் குறைந்தால் அந்த நாளுக்கு என்ஏ என்றே விட்டுவிடுங்கள்.

நாள் முழுவதும் காலியாக இருந்தால் "என்ஏ.ஆர்எம்" விசித்திரமான விடைகளைத் தரும். கூட்டுத்தொகை 0 என்று வரும். சராசரி என்ஏஎன், அதாவது எண்ணே அல்லாத ஒன்று. பெரும மதிப்பு எதிர்ம முடிவிலி. கடைசி இரண்டும் உடனே கண்ணில் பட்டுவிடும். முதலாவது படாது. புயல் நாளன்று மழைமானி நாள் முழுக்க ஊமையாகி, நிரல் அன்றைய மழை 0 என்று எழுதி, அது வரைபடத்திலும் ஏறிவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. எந்த நாளின் அளவு நமக்கு மிகவும் தேவையோ அந்த நாளிலேயே மின்சாரத்தை நம்பிய கருவி நின்றுபோகும் ஆபத்து உண்டு.

ஒரு காலி எதனால் விழுந்தது என்ற இந்த வேறுபாட்டைத்தான் புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-இல் எழுதிய கட்டுரை முறைப்படுத்தியது. காலிகள் எதோடும் தொடர்பில்லாமல் உதிரியாக விழுந்தவையா, நம்மிடம் உள்ள வேறு தகவல்களால் விளக்கக்கூடியவையா, அல்லது விடுபட்ட அந்த மதிப்போடேயே தொடர்புள்ளவையா? முதல் வகையில் காலிகளை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் சராசரி ஒரு பக்கம் சாயாது. மூன்றாம் வகையில் சாயும். எந்தப் பக்கம் சாய்கிறது என்று தரவை மட்டும் வைத்துச் சொல்லவும் முடியாது. வருமானம் என்ன என்ற கேள்விக்குப் பதில் தர மறுத்தவர்கள் பெரும்பாலும் அதிக வருமானக்காரர்களாகவோ மிகக் குறைந்த வருமானக்காரர்களாகவோ இருந்தால், மிஞ்சியவர்களின் சராசரி அந்த வார்டின் சராசரி ஆகாது.

கோப்பில் ஒரு காலிக் கட்டமும் இல்லை. அப்படியானால் என் தரவு முழுமையானது என்று எழுதலாமா?

எழுதுவதற்கு முன் வரிகளை எண்ணுங்கள். ஜூன் மாதத்துக்கு மணிக்கு ஒரு வரி என்றால் 720 வரிகள் இருக்க வேண்டும். 671 இருந்தால், 49 மணி நேரங்கள் காலிக் கட்டமாகக்கூட இல்லாமல் வரியோடு சேர்ந்து மறைந்திருக்கின்றன. கருவி நின்றபோது வரியையே எழுதாத பதிவுமுறைகளில் இது இயல்பு. "சீக்வென்ஸ்" என்பதன் சுருக்கமான "எஸ்ஈக்யூ" கட்டளையால் மாதத்தின் எல்லா மணி நேரங்களையும் கொண்ட ஒரு நெடுவரிசையை உண்டாக்கி, அதோடு உங்கள் கோப்பை இணையுங்கள். டைடிஆர் தொகுப்பின் "கம்ப்ளீட்" கட்டளையும் இதைச் செய்யும். மறைந்திருந்தவை என்ஏ ஆக வெளிப்படும். அதன் பிறகே மேலே சொன்ன சோதனைகளுக்குப் பொருள் உண்டு.

"என்ஏ.ஓமிட்" போட்டதும் பாதிக்கு மேற்பட்ட வரிகள் போய்விட்டன. ஏன்?

எந்த நெடுவரிசையில் ஒரு காலி இருந்தாலும் அந்த வரியையே அது நீக்கிவிடும். கணக்கெடுப்புப் படிவத்தின் கடைசியில் "குறிப்புகள்" என்று ஒரு கட்டம் இருந்து, பெரும்பாலானோர் அதை நிரப்பாமல் விட்டு, அந்தக் காலிகள் என்ஏ ஆகப் படிக்கப்பட்டிருந்தால், அந்த ஒரு நெடுவரிசையே உங்கள் தரவைத் தின்றுவிடும். ஆய்வுக்குத் தேவையான நெடுவரிசைகளை முதலில் பிரித்துக்கொண்டு, பிறகு காலிகளைப் பாருங்கள். "எல்எம்" கட்டளையும் தொடர்புப்போக்கு (ரெக்ரஷன்) கணக்கில் இதையே செய்கிறது. எத்தனை வரிகள் நீக்கப்பட்டன என்பதை "சம்மரி"யின் அடியில் ஒற்றை வரியில் சொல்கிறது, பலர் அதைப் படிப்பதில்லை. இப்படிக் கட்டிய இரண்டு கணக்கீட்டு மாதிரிகளை ஒப்பிடும்போது ஒன்றில் கூடுதல் மாறி இருந்து, அதில் காலிகள் இருந்தால், இரண்டும் வெவ்வேறு வரிகளின் மீது கட்டப்பட்டவை; "அனோவா" கட்டளை ஒப்பிட மறுப்பதற்கு அதுவே காரணம்.

காலிகளைச் சராசரியால் நிரப்பிவிடலாமா?

வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. எல்லாக் காலியிலும் ஒரே எண்ணை இட்டால் சராசரி மாறாது. ஆனால் திட்டவிலக்கம் சுருங்கும், பிற மாறிகளோடு உள்ள ஒட்டுறவு பலவீனமாகும், உண்மையில் இல்லாத துல்லியம் இருப்பதுபோல் தோன்றும். மணிக்கணக்கு அளவில் ஒன்றிரண்டு மணி நேர இடைவெளி என்றால், முன்னும் பின்னும் உள்ள அளவுகளுக்கு இடையே நேர்கோட்டில் நிரப்புவதை ஏற்கலாம். நிரப்பிய எண் எது என்று தனி நெடுவரிசையில் குறித்திருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பன்முறை நிரப்புதல் என்ற முறையைக் கற்றுக்கொள்வது நல்லது. அதில் ஒவ்வொரு காலிக்கும் பல சாத்தியமான மதிப்புகளை இட்டுப் பல முழு அட்டவணைகளை உண்டாக்கி, ஒவ்வொன்றிலும் கணக்கிட்டு, விடைகளையும் அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் சேர்த்தே தருகிறார்கள். ஆரில் ஸ்டெஃப் வான் ப்யூரன் உருவாக்கிய மைஸ் தொகுப்பு இதற்கு உரியது.

"டேபிள்" போட்டால் கூட்டுத்தொகை மொத்த வரிகளை விடக் குறைகிறது.

அது இயல்பாகவே காலிகளை எண்ணாது. "யூஸ்என்ஏ" விருப்பத்தைக் கொடுங்கள். பாண்டாஸில் "வேல்யூ_கவுண்ட்ஸ்", "குரூப்பை" இரண்டும் அப்படியே. அங்கே "டிராப்என்ஏ" என்பதை ஃபால்ஸ் ஆக்க வேண்டும்.

ஒரே நெடுவரிசையைப் பிரித்தெடுத்ததும் அது டேட்டா ஃப்ரேமாக இல்லாமல் போகிறது. பிரித்த பின்னும் நீக்கிய ஊர்ப்பெயர்கள் வரைபடத்தில் வருகின்றன.

முதலாவதற்கு அடைப்புக்குறிக்குள் "டிராப்" என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள். இரண்டாவது ஃபேக்டரின் பழைய வகைகள் மிஞ்சியிருப்பதால் வருவது, "டிராப்லெவல்ஸ்" போதும்.

"இஃப்" கட்டளை திடீரென்று பிழை தருகிறது. போன வருடம் ஓடிய அதே நிரல்தான்.

நிபந்தனையின் விடை என்ஏ ஆக இருந்தால் "இஃப்" எப்போதுமே பிழை தரும். நிபந்தனை ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தந்தால், முன்பெல்லாம் முதல் விடையை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையோடு ஓடும். 2022-இல் வந்த ஆர் 4.2.0 முதல் அது பிழை. "மற்றும்" என்பதற்கான இரட்டை "&&" குறிக்கும் 2023-இன் 4.3.0 முதல் அதே விதி. வரிகளைப் பிரிக்கும் இடத்தில் ஒற்றை "&" குறியையே பயன்படுத்துங்கள்.

அறிக்கையில் விடுபட்டவற்றை எப்படி எழுதுவது?

ஒவ்வொரு அட்டவணையின் அடியிலும் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: எத்தனை எதிர்பார்க்கப்பட்டன, எத்தனை கிடைத்தன, கிடைக்காதவற்றை என்ன செய்தீர்கள். எடுத்துக்காட்டாக: "ஜூன் மாதத்தின் 720 மணி நேரங்களில் 671-க்கு அளவுகள் உள்ளன. 16 மணி நேரத்துக்குக் குறைவாகப் பதிவான நாள்களுக்குச் சராசரி கணக்கிடப்படவில்லை; அந்நாள்கள் வரைபடத்தில் இடைவெளியாக விடப்பட்டுள்ளன; எந்த மதிப்பும் நிரப்பப்படவில்லை." காலிகள் ஒரே வாரத்திலோ ஒரே நிலையத்திலோ குவிந்திருந்தால் அதையும் தேதியோடு எழுதுங்கள். வரைபடத்தில் இடைவெளியின் இருபுறத்தையும் கோட்டால் இணைக்காதீர்கள். எண்ணூரில் அந்த நாள்களில் மூச்சுத்திணறலோடு இருந்த ஒருவர் அந்தக் கோட்டைப் பார்த்து, அன்றைக்குக் காற்று நன்றாகவே இருந்தது என்று நாம் அளந்து சொல்வதாக எடுத்துக்கொள்வார்.